ஓய்ந்த பெட்டியும் ஓயாத மின்சாரமும்

பழம்பொருள்களின்மீது முதியோர்க்குப் பற்று இருப்பது இயல்பு. இளைஞர்க்கு அப்பற்று உண்டாகும்போதுதான் நாம் சற்றே வியப்படைகிறோம். அத்தகைய விந்தையொன்றை அண்மைக் காலமாகக் கண்டி நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கண்டு வருகிறோம். உலகத்து விளையாட்டுக்கள் அனைத்தையும் கைத்தொலைபேசியில் வைத்திருக்கும் மாணவர் சிலர், தம் தந்தையர் காலத்துக் கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தேடி அலைகின்றனர். காசு போட்டு ஆடும் பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்று எங்கேனும் அகப்பட்டுவிட்டால் அவர்களுக்குப் புதையல் கண்ட மகிழ்ச்சி. பழைய ஆட்டத்தைப் பழைய திரையிலே ஆடினால்தான் உரிய நிறமும் உரிய வேகமும் வாய்க்கும் என்பது அவர்கள் கட்சி. அது பொய்யுமன்று. துப்பாக்கியைக் குறிபார்த்துத் திரையைச் சுடும் பழைய ஆட்டங்கள் பல, இன்றைய தட்டைத் திரைகளில் வேலையே செய்வதில்லை.

இந்த ஆசையை நாம் குறை கூற வரவில்லை. உடைந்ததை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கும் காலத்தில், உடைந்ததைத் திருத்திப் பார்க்கும் கை போற்றத் தக்கதே. ஆனால், அப்பெட்டியின் பின்மூடியைக் கழற்றத் திருப்புளியை எடுக்கும் கைக்குச் சில செய்திகள் தெரிந்திருத்தல் வேண்டும். அவை தெரியாமற் போவதால் வரும் கேடு சிறிதன்று.

படக்குழாயின் பிறப்பு 1897ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் பேராசிரியராயிருந்த பேர்டினண்ட் பிறவுண் என்பார் அதனை முதன்முதலாக அமைத்தார். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய் ஒன்றின் கழுத்திலிருந்து பாயும் இலத்திரன்கள், எதிரேயுள்ள திரையில் மோதி ஒளியை எழுப்பும். இவ்வளவுதான் அதன் தத்துவம். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனத்தார் 'பொங்' என்னும் விளையாட்டின் முதல் மாதிரியை அமைத்தபோது, அதனுள் வைத்தது கடையில் வாங்கிய சாதாரணக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியையே. ஆகவே, காசு போட்டு ஆடும் பெட்டி தொலைக்காட்சிப் பெட்டியின் உடன்பிறப்பேயாகும். ஒன்றுக்குரிய எச்சரிக்கை மற்றதற்கும் உரியது.

நம் நாட்டிலே தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டில் கொழும்பை அண்டித் தொடங்கிற்று. 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி, ஜப்பானிய அரசின் நன்கொடையால் எழுந்த ரூபவாகினி தன் ஒளிபரப்பைத் தொடக்கிற்று. நாட்டின் அதியுயர் சிகரமாகிய பிதுருதலாகலையின் உச்சியிலிருந்து அதன் அலைகள் மலைநாட்டின்மேல் இறங்கின. கண்டி, கம்பளை, மாத்தளைப் பகுதிகளில் கூரைக்குக் கூரை அன்டெனாக்கள் முளைத்த காலம் அது. மின்சாரம் எட்டாத கிராமங்களிலும் தோட்டத்து லயங்களிலும், மோட்டார் வண்டிப் பற்றரியைக் கடையிற் கொடுத்து மின்னேற்றிச் சுமந்து வந்து, அதனைக்கொண்டு சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியை இயக்கிப் படம் பார்த்த குடும்பங்கள் அநேகம்.

அந்தப் பற்றரியைப் பற்றிய ஓர் எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. பன்னிரண்டு வோல்ற் தானே, அது என்ன செய்துவிடும் என்பது அது. பற்றரியின் முனைகளைத் தொட்டால் ஒன்றும் நேராது என்பது உண்மையே. ஆனால், அதே 12 வோல்ற் பெட்டிக்குள்ளே புகுந்து படக்குழாயை அடையும்போது ஏறத்தாழ 10,000 வோல்ற்றாக உயர்ந்துவிடுகிறது. நிறப்படப் பெட்டியிலோ அது 20,000 முதல் 25,000 வோல்ற் வரை செல்லும். 'ஃப்ளைபேக்' என்று வழங்கும் சிறு மின்மாற்றி ஒன்று, நம் நாட்டு முறைப்படி ஒரு செக்கனுக்கு 15,625 தடவை துடித்து இந்த உயர்வை உண்டாக்குகிறது. பழைய பெட்டியைப் போட்டவுடன் பிள்ளைகளின் காதுக்கு மட்டும் எட்டும் மெல்லிய கீச்சொலி அந்தத் துடிப்பினுடையதே.

பெட்டி இயங்கும்போது அபாயம் உண்டென்பதை யாரும் ஒப்புக்கொள்வர். பிளக்கைக் கழற்றிய பின்னும் அபாயம் இருக்கிறது என்பதை நம்பச் செய்வதுதான் கடினம். கண்டியில் வாழ்வோர்க்கு இதனை விளக்க ஓர் எளிய வழி உண்டு. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807ஆம் ஆண்டில் அமைத்த கண்டி வாவியைப் பாருங்கள். மலைகளின்மேல் மழை ஓய்ந்த அக்கணமே வாவி வற்றிவிடுகிறதா? மதகைத் திறக்கும்வரை நீர் அங்கேயே நிற்கும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்ற பழமொழியை நாம் வேறு பொருளில் வழங்குகிறோம். மின்பெட்டியைப் பொறுத்தமட்டில் அது சொல்லுக்குச் சொல் உண்மை.

மின்சாரத்தை இவ்வாறு தேக்கி வைக்கலாம் என்று உலகம் அறிந்துகொண்ட கதையும் சுவையானது. கண்டியில் நாயக்கர் மரபின் முதல் மன்னனாகிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் ஆண்டுகொண்டிருந்த காலம். கரையோரம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. அதே ஒல்லாந்தரின் தாய்நாட்டில், லைடன் நகரில், முஸ்சன்புரூக் என்ற பேராசிரியர் நீர் நிறைந்த கண்ணாடிப் பாத்திரம் ஒன்றினுள் மின்னேற்றிப் பார்த்தார். பாத்திரம் ஒரு கையிலிருக்க, மறுகையினால் கம்பியைத் தொட்டதும் உடல் முழுவதும் அதிரும் அடி கிடைத்தது. பிரான்ஸ் தேசத்தையே தருவதாயினும் அச்சோதனையை மறுமுறை செய்யேன் என்னும் கருத்துப்பட 1746ஆம் ஆண்டில் அவர் நண்பர்க்கு எழுதினார். கண்ணாடிக்கு இருபுறமும் மின்கடத்தி இருந்தால் இடையிலே மின்னேற்றம் தங்கும் என்பதே அந்தப் பாத்திரம் புகட்டிய பாடம். நம் வீட்டுப் படக்குழாயின் உட்புறத்தில் ஒரு கடத்தும் பூச்சும் வெளிப்புறத்தில் கறுப்பான காரீயப் பூச்சும் உள்ளன, நடுவில் கண்ணாடி. அதுவும் ஒரு லைடன் பாத்திரமேயன்றி வேறில்லை. சில பெட்டிகளில் அந்த மின்னேற்றத்தை மெல்ல வடித்துவிடும் தடையி உண்டு. ஆயினும், அது இருக்கிறதா, பழுதின்றி இருக்கிறதா என்பது வெளியே தெரியாது. பல நாட்கள் சும்மா கிடந்த குழாயும் கையைச் சுண்டி எறிவதுண்டு.

இனி, மாணவர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம். 25,000 என்ற இலக்கத்தைக் கேட்டு அஞ்சுவோர், அதே பெட்டியின் சுற்றுப் பலகையில் ஒரு மூலையில் நிற்கும் பெருவிரல் பருமனான கொள்ளளவியைக் கவனியார். வீட்டுக்கு வரும் 230 வோல்ற் நேரோட்டமாக மாறி, ஏறக்குறைய 320 வோல்ற்றில் அதனுள் தேங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். படக்குழாயில் 25,000 வோல்ற் இருந்தாலும் அதன் கொள்ளளவு மிகச் சிறிது. தேங்கிய சக்தி ஒரு யூலைக்கூட எட்டாது. 220 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியிலோ 320 வோல்ற்றில் ஏறத்தாழ 11 யூல் நிற்கிறது. குழாயிலுள்ளதைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். முன்னது ஹந்தானை உச்சியிலிருந்து விழும் ஒரு செம்பு நீர். பின்னது தலைக்கு மேலே கவிழக் காத்திருக்கும் தொட்டி. உயரம் ஒன்றையே பார்த்து அபாயத்தை அளப்பது தவறு. குழாயின் அடி பெரும்பாலும் கையை உதறச் செய்து விடும். மற்றதன் அடி உயிரை வாங்கவுங்கூடும்.

கை உதறுவதும் எளிய காரியமன்று என்பதைக் கம்பளையில் எம் நண்பர் ஒருவர் இல்லத்தில் நிகழ்ந்தது காட்டும். அவருடைய பேரன் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் பயில்பவன், கெட்டிக்காரன். எங்கோ கிடந்த விளையாட்டுப் பெட்டியொன்றை வாங்கி வந்து, பிளக்கைக் கழற்றிவிட்டுத் துணிவுடன் பின்புறத்தைத் திறந்தான். குழாயின்மேலுள்ள றப்பர்த் தொப்பியை நீக்க விரலை நுழைத்தான். அடுத்த கணம் அவன் கை பின்னே பறந்தது. முழங்கை குழாயின் மெல்லிய கழுத்தில் மோதிற்று. கழுத்து முறிந்து, சீறும் ஓசையோடு காற்று உள்ளே புகுந்தது. அரையடி நீளக் காயத்தோடு பையன் தப்பினான். கொள்ளளவியின் சக்திக்குரிய சூத்திரத்தை அவன் தூக்கத்திற் கேட்டாலும் சொல்வான். அந்தச் சூத்திரமே மரப்பெட்டிக்குள் புகுந்து தன் அறையின் மூலையில் இருக்கிறது என்பதை மட்டும் அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டார் என்ன செய்தனர்? பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தனர். பையனின் பற்றாசுக்கோலையும் பூட்டி வைத்தனர். அவ்வளவில் நின்றிருந்தாலும் குற்றமில்லை. "இனிமேல் மின்சாமான் எதையும் தொடக்கூடாது" என்று கட்டளையிட்டனர். நண்பர் எம்மிடம் அபிப்பிராயம் கேட்டார். தடுக்கப்பட்ட பிள்ளை தொடாமலிருப்பான் என்பதற்கு உறுதி ஏது? ஒளித்துத் தொடுவான், தனியே தொடுவான். தனிமைதான் இத்தொழிலில் மிகப் பெரிய அபாயம். ஆகவே, தொடாதே என்று சொல்வதற்குப் பதிலாகத் தொடத் தெரிந்த ஒருவரிடம் அவனை விடும்படி கூறினோம்.

கண்டி நகரத்துச் சந்தொன்றில் நாற்பது ஆண்டுகளாக வானொலியும் தொலைக்காட்சியும் திருத்திய முஸ்லிம் பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். ஊராருக்கெல்லாம் அவர் 'நானா'. பையன் அவர் கடைக்குப் போனான். நாமும் உடன் போனோம். கட்டுப் போட்ட கையைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

"மகன், வயரைக் கழற்றினால் வீட்டுக் கரண்ட்தான் நிற்கும். பெட்டிக்குள்ள இருக்கிற கரண்ட் நம்மளைக் கேட்டு வரவுமில்லை. கேட்டுப் போகவும் மாட்டாது. நாமதான் அதை அனுப்பி வைக்கணும்" என்றார்.

அனுப்பி வைக்கும் முறையை அன்று அவர் செய்து காட்டினார். முதலில் கைக்கடிகாரம், மோதிரம், கழுத்துச் சங்கிலி யாவற்றையும் கழற்றச் செய்தார். பிளக்கைக் கழற்றித் தம் கண்ணெதிரே மேசைமேல் வைத்துக்கொண்டார்; வேறொருவர் அறியாமற் செருகிவிடாதிருக்க அதுவே காவல். குழாயின் முதுகில், கறுப்புப் பூச்சின்மேல் படிந்து கிடக்கும் பின்னற் கம்பியில் ஒரு வயரின் நுனியை முதலை வாய்க் கவ்வியால் மாட்டினார். மறு நுனியை நீண்ட தட்டைத் திருப்புளியின் இரும்புத் தண்டில் மாட்டினார். இடக்கையைச் சாரத்தின் மடிப்பில் செருகிக்கொண்டார். ஒரு கையால் மட்டும் பிடியைப் பற்றி, திருப்புளியை றப்பர்த் தொப்பியின் கீழே மெல்ல நுழைத்தார். 'டிக்' என்று ஓர் ஓசை எழுந்தது. சில நிமிடங்கள் பேசிக்கொண்டிருந்துவிட்டு அதையே மறுபடி செய்தார். மறுபடியும் ஒரு சிறு ஓசை. கண்ணாடிக்குள் ஊறியிருந்த மின்னேற்றம் மெல்லக் கசிந்து மீண்டும் சேருமாதலால் ஒரு தடவை போதாது.

இரு கைகளுள் ஒன்றை மடிப்பிலோ சட்டைப்பையிலோ வைப்பது வீண் சடங்கன்று. ஒரு கையில் புகுந்து மறுகையால் வெளியேறும் மின்சாரம் நெஞ்சின் வழியே, இருதயத்தினூடே செல்கிறது. ஒரு கையை ஒளித்து வைத்தால் அவ்வழி அடைபடும். பின்னற் கம்பியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. சுற்றுப் பலகையில் வேறோரிடத்தில் வயரை மாட்டினால், பாயும் மின்னேற்றம் அங்குள்ள நுண்ணிய உறுப்புக்களைச் சுட்டுவிடும்.

பெரிய கொள்ளளவிக்கு அவர் வேறு வழி வைத்திருந்தார். திருப்புளியால் அதன் இரு முனைகளையும் சேர்த்துப் பொறி பறக்கச் செய்யும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதனால் உலோகம் உருகித் தெறிக்கும், கண்ணுக்கு ஆகாது. நானாவோ இழை கொண்ட பழைய மின்குமிழ் ஒன்றில் இரு வயர்களைப் பொருத்தி, அவற்றின் நுனிகளை முனைகளில் வைத்தார். குமிழ் ஒரு கணம் மின்னி மங்கிற்று. அதன் பின்பும் மானியை வைத்துப் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்தே பெட்டிக்குள் கையை விட்டார்.

விளையாட்டுப் பெட்டிகளுக்கென்று தனியே சொல்ல வேண்டியனவும் உள. வீட்டுத் தொலைக்காட்சி பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். விளையாட்டுப் பெட்டியிலோ கதவைத் திறந்தால் குழாயும் பலகையும் மூடியின்றி நிற்கும். அவற்றுட் பலவற்றில், வீட்டு மின்சாரத்தையும் திரையின் சுற்றையும் பிரித்து வைக்கும் தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்று அடியில் இருக்கும். யாரேனும் பழுதென்று அதனை நீக்கி நேரே வயரை இணைத்திருந்தால், சுற்றின் உலோகச் சட்டமே உயிருள்ள கம்பியாகிவிடும். பிளக்கை எப்படி மாற்றிச் செருகினும் பயனில்லை. ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ற் பெட்டிகளுக்காக வாங்கும் மின்மாற்றிகளையும் நம்பிவிடலாகாது. வோல்ற்றைக் குறைப்பது வேறு, தனிமைப்படுத்துவது வேறு. ஒரே சுற்றுக் கம்பியால் ஆன மலிவான மின்மாற்றி முதலாவதைச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. காசு போடும் உலோகக் கதவுக்கும் சட்டத்துக்கும் புவித்தொடுப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். தொடுபவர் பெரும்பாலும் பிள்ளைகளல்லவா?

"வீட்டில் ட்ரிப் சுவிச்சு இருக்கிறதே" என்பார் சிலர். இருப்பது மிக நன்று. செல்லும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 30 மில்லி அம்பியர் அளவு வேறுபாடு கண்டாலே அது துண்டித்துவிடும். ஆனால், ஒருவர் இரு கம்பிகளையும் இரு கைகளால் பற்றினால் அந்த வேறுபாடு தோன்றாது. தனிமைப்படுத்தும் மின்மாற்றிக்கு அப்பால் நடப்பதும் அதற்குத் தெரியாது. பெட்டிக்குள் தேங்கியிருப்பதையோ அது அறியவே அறியாது. நல்ல காவலாளி எனினும், வாயிலில் நிற்பவன் அறைக்குள் நடப்பதைத் தடுக்க இயலாது.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு சொல். இருபது அங்குலத் திரையின் முகத்தில் மட்டும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட காற்றழுத்தம் எக்கணமும் அழுத்திக்கொண்டிருக்கிறது. குழாய் உடைந்தால் சில்லுகள் பறக்கும். கழுத்தைப் பிடித்துத் தூக்குவது அறவே கூடாது. நிறப்படக் குழாய்க் கண்ணாடியில் ஈயமும் கலந்துள்ளது. ஆகவே, பயனற்ற குழாயை ஆற்றங்கரையில் போட்டு உடைக்காமல், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் கடமையாகும். நம் மலைநாட்டுக்கு ஈரம் வேறு பகை. மழைக்காலத்தில் மூலையறையிற் கிடந்த பெட்டிக்குள் பூஞ்சணமும் தூசியும் படியும். பல்லியும் எறும்பும் குடியேறும். அதனை அப்படியே மின்சாரத்தில் மாட்டினால் நீலப் பொறியோடு சீறும். முதலில் துடைத்து, நன்றாக உலர்த்திய பின்பே மின் கொடுத்தல் வேண்டும்.

இவ்வளவும் அறிந்த கைகள் இன்று அருகி வருகின்றன என்பதே எம் கவலை. நானாவிடம் தொழில் கற்ற இளைஞர் இருவர் இப்போது கைத்தொலைபேசி திருத்துகின்றனர். ஏறத்தாழ நான்கு வோல்ற் அளவேயான பற்றரியோடு நாள் முழுதும் பழகும் விரல்களுக்கு அச்சம் எதற்கு? அது அவர்கள் குற்றமன்று, காலத்தின் போக்கு. ஆனால், பெட்டிகள் இன்னும் மூலைகளில் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் ஆசையும் புதிதாகப் பிறந்திருக்கிறது. ஆசானோடு சேர்ந்து இருந்த எச்சரிக்கை மட்டும் ஆசானோடு போகிறது. பெட்டியைத் திருத்தும் வழியைப் படத்திற் பார்த்துக் கற்றுவிடலாம். கையைப் பிடித்து "நில்" என்று சொல்ல ஆள் வேண்டும்.

அன்று கடையை விட்டுப் புறப்படும்போது பையன், "இன்னும் பயமாயிருக்கிறது, நானா" என்றான்.

"பயம் இருக்கட்டும் மகன். பயமில்லாதவனை நான் பெட்டியில கை வைக்க விட்டதேயில்லை. தெரியாதவன் பயந்தா கை நடுங்கும், தெரிஞ்சவன் பயந்தா கை நிதானமாகும்" என்றார் அவர். இப்போது அவன் சனிக்கிழமைதோறும் அக்கடைக்குப் போகிறான்.

பெற்றோர்க்கு எம் வேண்டுகோள் இதுவே. பிள்ளை பழைய பெட்டியொன்றைக் கொண்டு வந்தால் எரிந்து விழாதீர்கள். தனியே திறக்கவும் விடாதீர்கள். தொழிலறிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, முதற் பெட்டி திறக்கப்படட்டும். வீட்டின் பிரதான சுவிச்சு எங்கேயுள்ளதென்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்கட்டும். ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைக் கையால் இழுக்கலாகாது. முதலில் மின்சாரத்தைத் துண்டித்தல் வேண்டும். பின்பு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதற்குக் கட்டணம் இல்லை. அடி பட்டவர் எழுந்து நடந்தாலும் வைத்தியரிடம் காட்டத் தவறலாகாது. இருதயத்தின் தடுமாற்றம் வெளியே தெரிவதில்லை. மாணவர்களே, நீங்கள் பழைய ஆட்டங்களை ஆடுங்கள், பழைய பெட்டிகளுக்கு உயிர் கொடுங்கள். அதற்கு முன், அவற்றினுள் எஞ்சியிருக்கும் மின்சாரத்தை முறைப்படி வழியனுப்பி வையுங்கள்.